மேனி மினுக்கினால் வண்டி ஓடுமா?

பழம்பொருள்களைப் பேணுதல் நன்று. இதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும், பேணுதல் எது, ஒப்பனை செய்தல் எது என்னும் வேறுபாட்டை அறியாதார் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. சுவரில் தொங்கும் ஓவியத்திலோ, பெட்டகத்தில் உறங்கும் நாணயத்திலோ இவ்வறியாமை எவர் உயிரையும் மாய்த்துவிடாது. ஆனால், ஐந்து டன் எடையுடன், மனைவி மக்களையும் எரிவாயுக் கலத்தையும் சுமந்துகொண்டு, மணிக்கு 90 கிலோமீட்டர் விரைவில் மலைச்சரிவில் இறங்கும் ஒரு பழம்பொருளில் இவ்வறியாமை கொலைக் கருவியாகிவிடுகின்றது.

அமெரிக்க நாட்டில் ‘மோட்டார் ஹோம்’ என வழங்கும் வீட்டு வண்டிகளைப் பற்றியே இங்குப் பேச்சு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை ஆகிய அனைத்தையும் தன்னகத்தே கொண்டு தானே ஓடுகின்ற வீடு அது. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் இயங்கும் வின்னபேகோ நிறுவனம் 1966இல் இவ்வகை வண்டிகளைச் செய்யத் தொடங்கியபின், நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கும் பொருளாக இது மாறிற்று. 1973 முதல் 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செய்து விற்ற ஜி.எம்.சி. வீட்டு வண்டியோ இவ்வினத்தின் பேரழகி எனலாம். முன் சக்கரங்களை இழுக்கும், தொடக்க ஆண்டுகளில் 7.5 லிட்டர் கொண்ட இயந்திரம். பின்புறம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள். காற்றுப் பைகளின்மேல் மிதக்கும் உடல். அலுமினியமும் கண்ணாடி இழையும் கலந்த மேனி. ஏறத்தாழ 13,000 வண்டிகளே செய்யப்பட்டன. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. அரை நூற்றாண்டு கடந்த அவற்றை விலைக்கு வாங்கி, நியூ யார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரையிலான ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர் தொலைவை ஒருமுறையேனும் கடந்துவிட வேண்டும் என ஏங்குவோர் பலர்.

ஏக்கம் தவறன்று. அந்த ஏக்கத்தோடு அவர்கள் முதலில் செய்யும் செயல்தான் தவறு. வண்டி வீடு வந்து சேர்ந்த மறுநாளே வண்ணம் தேர்ந்தெடுக்கும் படலம் தொடங்கிவிடுகின்றது. செம்மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை எங்கே கிடைக்கும்? எழுபதுகளின் தரைவிரிப்பை இப்பொழுதும் நெய்து தருவார் உளரா? முகப்பு விளக்கைச் சுற்றிய குரோமியப் பட்டைக்கு மெருகேற்றுவது எவ்வாறு? இப்படித் திங்கள்கள் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கில் டாலர்கள் கரைகின்றன. புறப்படும் நாளன்று வண்டி மணப்பெண்போல் நிற்கின்றது. அண்டை வீட்டார் படம் எடுக்கின்றனர். அவ்வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார் எவருமிலர். பார்த்திருந்தால், வாங்கிய நாளில் இருந்த அதே வெடித்த ரப்பர்க் குழாய்களும், அதே துருவேறிய பிரேக் உருளைகளும், எந்தக் காலத்தில் ஊற்றியது என்று எவருக்கும் தெரியாத அதே கறுத்த எண்ணெயும் அங்கே காத்திருப்பதைக் கண்டிருப்பர்.

இதற்கு ஒரு கொள்கைப் பூச்சும் உண்டு. ‘மூல நிலை மாறலாகாது’ என்பர் இவர்கள். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் வண்டி எவ்வாறிருந்ததோ அவ்வாறே இருக்க வேண்டுமாம். புதிய குழாயோ, மின்னணுத் தீப்பொறி அமைப்போ, தோளையும் மார்பையும் தாங்கும் இருக்கைப் பட்டையோ ஏறினால் அதன் கற்பு கெட்டுவிடுமாம்! இவ்வாதத்தைச் சற்றே உரைத்துப் பார்த்தால் அதன் சாயம் வெளுத்துவிடும். 1976இல் வண்டியைச் செய்தவர்களே அதனோடு ஒரு பராமரிப்பு நூலையும் சேர்த்துத் தந்தனர். இத்தனை மைலுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுக, இதனை இன்ன காலத்தில் சோதிக்க, தேய்ந்திருப்பின் களைக என்று அந்நூல் கட்டளையிட்டது. ரப்பர் என்றென்றும் நிலைக்கும் என்று அவர்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. ஆகவே, அரை நூற்றாண்டுப் பழைய குழாயை ‘மூலப் பொருள்’ என்று போற்றி வைத்திருப்பவர் செய்தவரின் கருத்துக்கு மாறாகவே நடக்கின்றார். நூலைப் பூசையறையில் வைத்துவிட்டு அதன் சொல்லை மீறும் பக்தி இது!

பொருட்காட்சிக் கூடத்தில் கயிறு கட்டி நிறுத்திவைக்கும் வண்டிக்கு இவர்கள் விதி பொருந்தலாம். அங்கே நடுவர் வந்து ஒவ்வோர் ஆணியையும் எண்ணி மதிப்பெண் இடட்டும். பொதுச்சாலை பொருட்காட்சிக் கூடமன்று. எதிரே வரும் காரில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருப்பர். தம் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். அப்பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை இவர்களுக்கு வழங்கியவர் யார்?

முதலில் கவனிக்கத் தக்கது பிரேக். இயந்திரம் நின்றுபோனால் பயணம் நிற்கும். பிரேக் நில்லாமற்போனால் வாழ்வே நின்றுவிடும். கொலராடோ மாநிலத்தில் 70ஆம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரை ஐசன்ஹோவர் சுரங்கத்தின் வழியே ஊடுருவிச் செல்கின்றது. சுரங்கம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிழக்கே 100 கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவில் இருக்கும் டென்வர் நகரின் உயரமோ 1,600 மீட்டர்தான். இடையே உள்ள உயரத்தையெல்லாம் வண்டி இறங்கியாக வேண்டும். ஐந்து டன் வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறையின் வெப்பநிலையில் உள்ள 160 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பள்ளியில் இயற்பியல் பயிலும் மாணவர் ஐந்தே நிமிடத்தில் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றும், தாழ்ந்த கியரில் ஓடும் இயந்திரமும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுதும் பிரேக்கின் தலையில்தான் விடியும்.

இங்குதான் கண்ணுக்குத் தெரியாத பகைவன் வேலை செய்கின்றான். பிரேக்கில் ஊற்றும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ‘டாட் 3’ வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. நீர் கலந்தபின் அவ்வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிட இடமுண்டு. ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியின் எண்ணெய் எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றினால், மிதிக்கும் கட்டை வெண்ணெயில் அழுந்துவதுபோல் தரைவரை இறங்கும், வண்டியோ நில்லாது. பழைய ரப்பர்க் குழாயின் தீங்கு இன்னும் சூழ்ச்சி நிறைந்தது. வெளியே நன்றாகத் தோன்றும் குழாய் உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும் விசையில் உள்ளே சென்ற எண்ணெய் திரும்பி வர வழியிராது. காலை எடுத்த பின்னும் பிரேக் சக்கரத்தைப் பற்றிக்கொண்டே இருக்கும், டிரம் சிவக்கும், அருகிலிருக்கும் மசகு உருகும். இத்தனையும், புதுத் திரைச்சீலைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டுக் குழாய்களையும் எண்ணெயையும் மாற்றியிருந்தால் நேர்ந்திரா. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், அத்தூளைக் காற்றடித்து ஊதித் தள்ளுதல் ஆகாது என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட்டாக வேண்டும்.

டயரின் கதை இதனினும் வேடிக்கையானது. ‘பள்ளமெல்லாம் ஆழமாகவே இருக்கின்றது, டயர் புதியதுபோல் உள்ளது’ என்று தட்டிக் காட்டுவோர் பலர். ஓடாத வண்டியின் டயர் தேய்வது எங்ஙனம்? தேயாமலேயே அது முதுமை அடையும். 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கவாட்டில் அதன் பிறந்த நாள் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்படுகின்றது. 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். மூன்றே இலக்கங்கள் இருப்பின் அது சென்ற நூற்றாண்டுப் பொருள். அதனைக் கழற்றி எறிவதற்கு எவரிடமும் கருத்துக் கேட்க வேண்டுவதில்லை. பத்தாண்டு கடந்த டயரோடு பாலைவனச் சாலையில் இறங்குவோரைத் துணிவுடையோர் என்று புகழ்வது சொல்லுக்கே இழுக்கு.

டயரைக் கொல்வதில் வயதுக்கு அடுத்த இடம் எடைக்கு உண்டு. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் தம் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டபோது அவர் ஓட்டியது பழைய வண்டியன்று. புத்தம் புதிதாகச் செய்வித்த வண்டி. அதில் அளவுக்கு மீறி நூல்களையும் கருவிகளையும் ஏற்றினார். விளைவு? ஆரிகன் மாநிலத்தில், மழை கொட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் டயர் வெடித்து நடுவழியில் நின்றார். புதிய வண்டிக்கே இந்தக் கதி என்றால் பழைய வண்டிக்கு என்னவாகும்? தண்ணீர்த் தொட்டி, பெட்ரோல், எரிவாயு, சமையல் பொருள், பயணிகள் ஆகிய அனைத்தும் ஏறியபின் லோரிகளை எடைபோடும் மேடையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே அறிந்து, அதற்கேற்பக் காற்று அடைத்தல் வேண்டும். செலவு சொற்பம், ஆகும் நேரமும் சிறிதே. செய்வோர்தாம் அரியர்.

அடுத்தது தீ. பழைய வண்டிகளின் பெட்ரோல் குழாய்கள் அக்காலப் பெட்ரோலுக்கெனச் செய்யப்பட்டவை. இன்று அமெரிக்காவில் பரவலாக விற்கும் பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கின்றது. அது பழைய ரப்பரை இளக்கி வெடிக்கச் செய்யும். கசியும் துளி சுடுகின்ற இயந்திரத்தின்மேல் விழ எவ்வளவு நேரமாகும்? ஜி.எம்.சி. வண்டியின் இயந்திரம் ஓட்டுநர் அமரும் இடத்தை ஒட்டியே உள்ளது. தொட்டிகளிலிருந்து அதுவரை நீளும் குழாய்கள் பல. எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களை ஒன்றுவிடாமல் இடுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுப்புக்குரிய புரோப்பேன் வாயுவோ காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தவழ்ந்து தங்கும். மின்னாக்கியின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே போய்விடுவர். இவ்விரண்டையும் உணர்ந்து ஒலியெழுப்பும் கருவிகளுக்குச் சில ஆண்டுகளே ஆயுள். முன்னாள் உரிமையாளர் பொருத்திய கருவி சுவரில் இருக்கின்றது என்று மனநிறைவு கொள்வோர், செத்த காவலாளியை வாசலில் நிறுத்தியவர்க்கு ஒப்பாவர்.

‘அந்தக் கால இரும்பு ஐயா! இந்தக் கால வண்டிகள்போல் தகரமா?’ என்று மார் தட்டுவாரும் உளர். இரும்பைப் பற்றி யார் குறை சொன்னார்? வார்ப்பிரும்பு இயந்திரம் ஒழுங்காகப் பேணினால் இன்னும் பல்லாண்டு ஓடும். ஆனால், வண்டி இரும்பால் மட்டும் ஆனதா? ரப்பரும், தோலும், செம்புக் கம்பியும், பற்றவைத்த இணைப்பும், நீரும், எண்ணெயும் சேர்ந்தே வண்டி. சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியைப் பொறுத்தது என்பதைச் சிறுவரும் அறிவர். ரேடியேட்டரின் மூடியிலுள்ள சிறு சுருள்வில் தளர்ந்தால் அழுத்தம் நில்லாது. அழுத்தம் நில்லாவிடில் நீர் முன்னதாகவே கொதிக்கும். மொஹாவி பாலைவனத்தின் ஏற்றத்தில் அந்த ‘அந்தக் கால இரும்பு’ வெள்ளாவி போல் புகைவிட்டு நிற்கும். அங்கே பேக்கர் என்னும் ஊரையடுத்த ஏற்றத்தில், வண்டிக்குள் குளிரூட்டியை நிறுத்துமாறு புதிய கார் ஓட்டுவோர்க்கே சாலைப் பலகைகள் எச்சரிக்கை விடுத்திருக்கின்றன.

இதனால் புதியனவெல்லாம் நல்லன என்று கொள்ளுதலும் கூடாது. இந்நாள் இயந்திர எண்ணெய்களில், புகைபோக்கியிலுள்ள தூய்மைக் கருவியைக் காக்கும் பொருட்டுத் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மத்தைக் குறைத்துவிட்டனர். பழைய இயந்திரங்களில் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து தேயும் உறுப்புகளுக்கு அச்சேர்மமே காப்பு. எனவே, கடையில் விலையுயர்ந்ததாகக் கிடைக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டால் போதும் என்பது பேதைமை. பழைய இயந்திரத்துக்குரியதைத் தேடி ஊற்றுதல் வேண்டும். மாற்ற வேண்டுவது எது, மாற்றக் கூடாதது எது என்பதை வண்டியின் இயல்பே முடிவு செய்யட்டும். ‘பழையது’, ‘புதியது’ என்னும் முத்திரைகளுக்கு அங்கே வேலையில்லை.

அவ்வியல்பை அறிந்தவர் யார்? கையில் எண்ணெய்க்கறை படிந்தவர்தாம். அமெரிக்காவை முதன்முதலில் காரில் கடந்தவர் என்று ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்னும் மருத்துவரை வரலாறு கொண்டாடுகின்றது. 1903இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு 63 நாள்களில் நியூ யார்க்கை அடைந்தார். அவருக்கு இயந்திரம் பற்றிய பட்டறிவு இல்லை. உடன் சென்ற செவால் குரோக்கர் என்னும் மெக்கானிக்தான் பழுது நேர்ந்த இடமெல்லாம் வண்டியை எழுப்பி நடத்தினார். வழியில் சேர்த்துக்கொண்ட ‘பட்’ என்னும் நாயும், அது அணிந்த தூசிக் கண்ணாடியும் பெற்ற புகழில் பாதியேனும் குரோக்கர் பெற்றாரா? படித்தவர் கூட்டம் உலகெங்கும் இப்படித்தான்! ஓட வைத்தவனை மறந்து, உட்கார்ந்து சென்றவனுக்கு மாலையிடும்.

ஆலிஸ் ராம்சே என்னும் 22 வயது நங்கை 1909இல் அப்பெருவழியை எதிர்த்திசையில் கடந்தார். அவ்வாறு கடந்த முதற்பெண் அவரே. உடன் வந்த மூன்று பெண்டிருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. 59 நாள்களில் பதினொரு முறை டயர் மாற்றினார். ஸ்பார்க் பிளக்குகளைத் தாமே துலக்கினார். ரேடியேட்டர் வறண்டபோது, பல்துலக்கும் தூரிகை வைக்கும் கண்ணாடிக் குப்பிகளில் பள்ளத்து நீரை மொண்டு வந்து ஊற்றினர் அப்பெண்கள். நூறாண்டுக்கு முன் ஒரு பெண் செய்ததைச் செய்ய இந்நாளில் பட்டம் பெற்ற ஆடவர் நாணுவானேன்?

‘வழியில் நின்றால் இழுவை வண்டியை அழைத்தால் போயிற்று’ என்பது இவர்களின் கடைசிப் புகலிடம். நெவாடா மாநிலத்தின் 50ஆம் எண் சாலையில் ஃபாலன் நகரத்துக்கும் ஈலி நகரத்துக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல். நடுவே குறிப்பிடத்தக்க ஊர்கள் ஆஸ்டின், யுரேகா ஆகிய இரண்டே, அவையும் சிற்றூர்கள். கைப்பேசி ஊமையாகிவிடும் இடங்கள் அவ்வழியில் உண்டு. அழைப்பு எட்டினாலும், 26 அடி நீள வீட்டை இழுக்கச் சிறிய இழுவை வண்டியால் ஆகாது. பெரியது வரவேண்டும், அதுவரை வெயிலில் காத்திருக்க வேண்டும். அரை நூற்றாண்டுப் பழைய உதிரி உறுப்பு அவ்வூர்க் கடையில் தொங்கிக்கொண்டிருக்குமா? விசிறிப் பட்டை, நீர்க் குழாய்கள், எண்ணெய் வடிகட்டி, பெட்ரோல் பம்பு ஆகியவற்றைப் பெட்டியில் உடன்கொண்டு செல்வதும், அவற்றை மாட்டக் கற்றிருப்பதுமே உண்மையான காப்புறுதி.

வயது முதிர்ந்த வண்டி நெடுந்தொலைவு செல்லாது என்று இங்கு வாதிடவில்லை. அதற்குச் சான்று சிங்கப்பூரிலேயே உண்டு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 1955 செப்டம்பரில் இரு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டு 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்தடைந்தனர். அவற்றுள் ‘ஆக்ஸ்போர்டு’ என்னும் பெயருடைய வண்டி, பல்லாண்டு சிதைந்து கிடந்தபின் மீட்டுச் செப்பனிடப்பட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓடிச் சேர்ந்தது. அறுபது வயது கடந்த வண்டி! பட்டறையில் அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்துச் செப்பனிட்டவர்களின் உழைப்பே அதனை ஓட்டிற்று.

ஆகவே, பணம் குறைவாயின் திரைச்சீலை காத்திருக்கட்டும். முதலில் பிரேக்கும் டயரும், பின்னர்ப் பெட்ரோல் குழாயும் எரிவாயுவும், அதன் பின்னர் ரேடியேட்டரும் மின்கம்பிகளும் பணத்தைத் தின்னட்டும். எஞ்சியிருந்தால் வண்ணம் பூசலாம். எஞ்சாவிடில் மங்கிய மேனியோடே புறப்படலாம். சாலை மேனியைக் கேட்பதில்லை. புறப்படுமுன் ஒத்திகையும் வேண்டும். வீட்டு வாசலிலேயே ஓரிரவு அதில் உறங்கிப் பார்த்தால் ஒழுகும் குழாயும் அணையும் விளக்கும் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். பின்னர் ஐம்பது கிலோமீட்டர். அதன் பின்னர், ஏற்றமும் இறக்கமும் உள்ள முந்நூறு கிலோமீட்டர், முழுச் சுமையோடு. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அடியில் படுத்துப் பார்த்தல் வேண்டும். மூன்றாம் ஒத்திகையில் புதிய குறை ஏதும் தோன்றாவிடில் நாள் குறிக்கலாம்; தோன்றினால் குறித்த நாளைத் தள்ளிவைக்க வேண்டும், உறவினர் எத்துணை நகைத்தாலும்.

அந்நாளிலும் ஒரு வேலை மீதமிருக்கும். கழற்றி மாட்டிய சக்கரங்களின் மறைகள் முதல் ஓட்டத்தில் சற்றே தளரக்கூடும். முதல் எண்பது கிலோமீட்டரில் வண்டியை ஓரங்கட்டி, ஆறு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுசென்று, எது மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகின்றது என்று பார்த்து, திருகுமுறுக்கியை எடுத்து ஒவ்வொரு மறையையும் உரிய அளவுக்கு இறுக்கிவிட்டு, அதன் பிறகே மீண்டும் ஏறி அமர்தல் வேண்டும்.